எண்ணெய்க் கிணற்றின் பாஸ்புக்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவனுக்கு எண்ணெய்க் கிணற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு ஆர்வம் வந்ததே கணக்கு வழியாகத்தான்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் கடும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். எவ்வளவு எடுத்தோம், அதற்கு எவ்வளவு அழுத்தம் இறங்கியது என்று பார்த்தால், ஆரம்ப இருப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். 1936-இல் ஷில்துயிஸ் என்பவர் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். அதன் பெயரே 'மெட்டீரியல் பேலன்ஸ்'. நம் வரவு செலவுக் கணக்கேதான்.

முன்பெல்லாம் அழுத்தம் பார்க்க, கிணற்றை மூடிவிட்டுக் கருவியைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். மூடிய நாட்களில் வருமானம் இல்லை என்பதால் அடிக்கடி செய்யமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பாஸ்புக்கில் என்ட்ரி போடுகிற ஆசாமிகளை எனக்கு நன்றாகத் தெரியும்! இப்போது குவார்ட்ஸ் படிகம் வைத்த கருவி கிணற்றின் அடியிலேயே நிரந்தரமாக இருக்கிறது. அழுத்தம் மாறினால் படிகத்தின் அதிர்வு மாறும். கேபிள் வழியே நொடிக்கு நொடி தகவல் வரும்.

இதனால் என்ன லாபம்? சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதல்லவா, அதுபோல எண்ணெயிலும் வாயு கரைந்திருக்கிறது. அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் வாயு பிரிந்து முந்திக்கொண்டு ஓடிவரும்; எண்ணெய் நிறைய பாறையிலேயே தங்கிவிடும். எல்லை நெருங்குவது முன்பே தெரிந்தால் வால்வை இறுக்கலாம். வேறு கிணறு வழியாகத் தண்ணீர் செலுத்தி அழுத்தத்தை ஏற்றலாம்.

வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலைப் பாருங்கள். 1969-இல் கண்டுபிடித்து 1971-இல் எடுக்கத் தொடங்கினார்கள். மென்மையான சுண்ணப்பாறை. அழுத்தம் இறங்கியதும் பாறை நசுங்கியது. அதற்குச் சுமார் 3 கிலோமீட்டர் மேலே இருக்கும் கடல்தரையும் இறங்கியது. அழுத்தம் குறைவது அவர்களுக்குத் தெரியாததல்ல. கடல்தரை இவ்வளவு இறங்கும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. 1984-இல் கவனித்தபோது ஏறக்குறைய 3 மீட்டர் போயிருந்தது. மேடைகளில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், தூங்குகிறார்கள். புயல் அலை எட்டிவிட்டால்? 1987-இல் இரும்பு மேடைகளின் கால்களை வெட்டி, 6 மீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு பெரிய அளவில் தண்ணீர் செலுத்தத் தொடங்கினார்கள். தண்ணீர் பட்டுச் சுண்ணப்பாறை இன்னும் பலவீனமானதால் இறக்கம் உடனே நிற்கவில்லை. ஆனால் உற்பத்தி மறுபடி ஏறியது.

இன்னொரு சோதனை உண்டு. ஒரு கிணற்றை மூடிவிட்டு, பக்கத்துக் கிணற்றின் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் ஒரே கணக்குக்கு இரண்டு செக் புத்தகம் என்று அர்த்தம். நம் இரண்டு போர்வெல்லிலும் இதைச் செய்யலாம். ஒரு மோட்டாரை ஒரு நாள் நிறுத்தி, மற்றதை வழக்கம்போல் ஓட்டி, அதன் நீர்மட்டத்தை அளந்தால் போதும். மூன்றாவது போர் போடுவதற்குப் பணம் வசூலிக்கும் முன் இதைச் செய்துவிடுவோம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு நான் வருகிறேன்.