அறநடையும் பயிற்சி விரதமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி, அறப்பணிக்கு நிதி திரட்டும் நடைப்பயணத்திற்குப் பயில்வோர் முன் நிகழ்த்தப்பெற்ற உரை)

பிறர் நலம் கருதிப் பொருள் திரட்டும் நடைப்பயணம் ஒன்று அறிவிக்கப்பெற்றால், கூட்டத்தில் எவரேனும் ஒருவர் தவறாமல் ஒரு வினாவை எழுப்புவார். "கண் மருத்துவ முகாமிற்குப் பணம் வேண்டுமெனில் காசோலை எழுதித் தந்துவிடலாமே, வெயிலில் எதற்கு நடக்க வேண்டும்?" வணிகத்தில் தேர்ந்தவர்கள் கேட்கும் நேர்மையான வினா இது. நடப்பவர்க்கெல்லாம் பனியன், பதாகை, சிற்றுண்டி என்று ஆகும் செலவையும் முகாமிற்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றுவது இயல்பே. இவ்வினாவிற்கு விடை காணாமல் பயிற்சியைத் தொடங்கினால், பயணம் ஒருநாள் கொண்டாட்டமாய்க் கழிந்துவிடும்.

விடைக்கான வழியைச் சமண அறநூல்களே காட்டுகின்றன. இல்லறத்தார்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் ஐந்து அணுவிரதங்கள், மூன்று குணவிரதங்கள், எஞ்சிய நான்கும் சிட்சா விரதங்கள். சிட்சை என்றால் பயிற்சி. கொல்லாமை, பொய்யாமை முதலியவற்றை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் போதாது. நாள்தோறும் பயின்றால்தான் அவை நிலைபெறும் என்று முன்னோர் கண்டனர். சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இந்நான்கையும் தேசாவகாசிகம், சாமாயிகம், புரோஷதோபவாசம், வையாவிருத்தியம் என வகுக்கிறார். பிற நூல்களில் இவ்வரிசை சிறிது வேறுபடும். நெடுந்தொலைவு நடக்கப் பழகும் நண்பர் குழுவுக்கு இந்நான்கையும்விடச் சிறந்த பயிற்சித் திட்டம் வேறில்லை.

முதலாவது தேசாவகாசிகம். இன்று இந்த ஊர் வரை, இந்த ஆறு வரை, அதற்கப்பால் இல்லை என்று தன் இயக்கத்திற்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது. நடைப்பயிற்சியில் முதலில் தவறுவது இங்கேதான். சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர்க் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தொலைவைக் கேட்ட உற்சாகத்தில் முதல் ஞாயிறன்றே 15 கிலோமீட்டர் நடந்துவிட்டு, அடுத்த வாரம் முழுதும் கெண்டைக்கால் பிடிப்போடு கடையில் அமர்ந்திருப்பவர் பலர். முதல் வாரம் 3 கிலோமீட்டர் போதும். பின் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்று மாத அவகாசம் இருந்தால் உடல் தானே இசைந்து வரும். இன்னும் நடக்கமுடியும் என்று கால் சொல்லும்போது வகுத்த எல்லையில் நின்றுவிடுவதும் பயிற்சியே. ஆசைக்கு அளவு கற்பிக்கும் விரதம் காலுக்கும் அளவு கற்பிக்கிறது.

இரண்டாவது சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பு நீங்கிச் சமநிலையில் இருத்தல். குழுவாக நடப்போர் பயிற்சியின் ஒரு பகுதியைப் பேசாமல் நடந்து பார்க்கலாம். கைப்பேசி பையிலிருக்க, மூச்சும் அடியும் ஒன்றோடொன்று இணங்குவதை அப்போதுதான் உணரமுடியும். அருகில் வருபவரின் மூச்சு இளைப்பதும் அப்போதுதான் காதில் விழும்.

மூன்றாவது புரோஷதோபவாசம். அட்டமி, சதுர்த்தசி ஆகிய நாள்களில் உண்ணாநோன்பிருந்து, அன்றாட அலுவல்களிலிருந்து விலகியிருத்தல். நடைப்பயிற்சிக்கும் ஓய்வுநாள் இன்றியமையாதது. தசைகள் வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். நோன்பு நாளையே ஓய்வு நாளாக வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று காக்கும். நோன்பிருந்துகொண்டே நெடுந்தூரம் நடந்து காட்டுவது தவமாகாது. சேலத்துக் கோடையில் அது உயிருக்கே ஊறு விளைக்கும்.

நான்காவது வையாவிருத்தியம், அதாவது தொண்டு. துறவியர்க்கு நேர்ந்த இடையூற்றைக் களைவதும், அவர்தம் கால்களைப் பிடித்துவிடுவதும் இதில் அடங்கும் என்கிறார் சமந்தபத்திரர். நடந்து களைத்த காலுக்குச் செய்யும் பணிவிடை, விரதங்களின் வரிசையில் ஏறி அமர்ந்திருக்கிறது. நண்பரின் குதிகாலில் எழுந்த கொப்புளத்திற்கு மருந்திட்டுத் துணி சுற்றுபவர், தாம் அறியாமலே ஒரு விரதத்தைக் காத்தவராகிறார்.

உணவு, காலணி முதலியன பற்றியும் சில சொல்லவேண்டும். தோலால் செய்யாத காலணியே சமணர்க்கு உகந்தது. அதைப் பயண நாளன்று புதிதாக வாங்கி அணியலாகாது. இரண்டு மாதமேனும் பழகியிருக்க வேண்டும். வடிகட்டிக் காய்ச்சிய நீரை ஒவ்வொருவரும் உடன் கொண்டு செல்லவேண்டும். உப்பிட்ட மோரும், சுக்குத் தட்டிய பானகமும் இவ்வெயிலுக்கு ஏற்றவை. இரவில் உண்ணாதவர்கள் உடன் வருவதால், மாலைத் தங்கலிடத்தைக் கதிர் மறையுமுன் அடைந்து உணவு முடிக்கும்படி நாளின் தொலைவைத் திட்டமிட வேண்டும். கதிர் எழுந்து 48 நிமிடம் ஆகும்வரை நீரும் அருந்தாத நவகாரசி நோன்பினர், அதுவரை மெல்ல நடந்து, நீர் அருந்தியபின் விரைவைக் கூட்டலாம். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

அன்பர்களே, இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மகாவீரர் பிறந்தநாள் வருவது பங்குனி, சித்திரைக் காலம். கஞ்சமலையும் ஜருகுமலையும் சூழ்ந்த சேலத்துச் சமவெளி அப்போது அடுப்பாய்க் காயும். நாற்கரச் சாலையில் நிழல் அரிது. லாரிகளின் வெப்பமும் சேரும். ஆகவே விடியுமுன் இருளிலேயே புறப்படுவது உடலுக்கு நல்லது. ஆனால் சமணத் துறவியர் போற்றும் ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈரியா சமிதியோ, நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, சிற்றுயிர் எதுவும் மிதிபடாதவாறு பகலொளியில் நடக்கச் சொல்கிறது. மழைக்காலம் நான்கு மாதமும் துறவியர் ஓரிடத்தில் தங்குவதும் இதன்பொருட்டே. இல்லறத்தார்க்கு இது கட்டாயமன்று. ஆயினும் நெறியை மதிப்பவர் உள்ளத்தில் ஐயம் எழவே செய்யும். வெயிலுக்கு அஞ்சி இருளில் நடப்பதா, உயிருக்கு அஞ்சி வெயிலில் நடப்பதா?

தமிழில் இதே சிக்கலை எதிர்கொண்ட சமணத் துறவி ஒருவர் உண்டு. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளே அவர். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனோடும் கண்ணகியோடும் நடந்த அவர் எடுத்துக்கொண்டவை பிச்சைப்பாத்திரம், தோள்மேல் ஒரு துணி, மயிற்பீலி ஆகியவையே. வயல்வழியே போனால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கக்கூடும் என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவரும் அவரே. அம்மூவரும் ஒருநாளில் ஒரு காதத்திற்கு மேல் கடக்கவில்லை. ஊரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதுமே மதுரை எங்குளது என்று கேட்ட மெல்லடியாள் ஒருத்தி உடன் வந்ததால், மூவரின் வேகமும் அவளுடைய வேகமாயிற்று.

பாண்டிநாட்டு எல்லையில் கோடை மிகுந்தபோது, கண்ணகியின் அடிகள் வெம்மையைத் தாங்கா என்று கோவலன் கவுந்தியடிகளை வணங்கி, இரவில் நிலவொளியில் செல்லலாமா என்று கேட்கிறான். பகலைக் காட்டிலும் நிலவொளி பல உயிர்களையும் காக்கும் என்பது அவன் வாதம். நண்டையும் நத்தையையும் எண்ணிய அடிகள் மறுக்கவில்லை, உடன் நடக்கிறார். அவர் நெறியைக் கைவிட்டார் என்று எவரும் சொல்லார். எவ்வுயிர்க்கும் இரங்கும் நெறி, அருகில் நடக்கும் தோழியின் கொப்புளக் காலுக்கும் இரங்கவேண்டும் அன்றோ? ஆகவே வைகறையில் புறப்படுங்கள். கைவிளக்கின் ஒளியைத் தரையில் பாய்ச்சி, அடி பார்த்து வையுங்கள். குழுவில் மிக மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். இம்மூன்றும் சேர்ந்ததே இல்லறத்தாரின் ஈரியா சமிதி.

அடுத்து, இம்மண்ணோடு தொடர்புடைய ஒரு பெரும் நடைப்பயணத்தை நினைவுகூர வேண்டும். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்த இராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். ஐந்தாண்டுக்குப் பின், 1930 ஏப்ரல் 13ஆம் நாள், ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க நடந்தார். நடைக்குப் பாட்டு இயற்றித் தந்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. சுமார் 150 மைல் தொலைவை அவர்கள் ஏப்ரல் 28 அன்று நிறைவு செய்தனர். நாளொன்றுக்குப் பத்து மைல் அளவே. நாட்டின் விடுதலைக்காக நடந்தவர்களும் அளவறிந்தே நடந்தார்கள். அப்போராட்டத்தின் தலைவராகிய காந்தியடிகள், தம் உள்ளத்தை ஆழமாகப் பாதித்தவர்களுள் ஒருவராகச் சமண அறிஞர் இராஜசந்திரரைக் குறிப்பிட்டிருப்பது இவ்விழாவில் நினைக்கத் தக்கது.

வேதாரண்ய நடையில் எண்ணி எண்ணி வியக்கத்தக்க செய்தி வேறொன்று. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ தருபவர்க்குச் சிறைத்தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஊர்மக்கள் என்ன செய்தார்கள்? வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உண்டவர்க்குக் கொடுத்தவரின் பெயர் தெரியாது. கொடுத்தவர்க்கு உண்டவரின் நன்றி கிடைக்காது. ஆகார தானத்திற்கு இதனினும் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நன்கொடையாளர் பட்டியலில் தம் பெயர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று தேடும் நமது காலத்தில், அந்த மரக்கிளைகள் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

இன்னொரு பயணமும் உண்டு. இராஜஸ்தானத்தில் பிறந்து, ஒன்பதாம் வயதில் சமணத் துறவு பூண்டு, பின்னர் அதைவிட்டு வெளிவந்து வினோபா பாவேயின் பூமிதானப் பணியில் சேர்ந்த சதீஷ்குமார், 1962இல் தம் நண்பர் ஈ.பி. மேனனோடு, அணுகுண்டு ஒழிப்பை வேண்டித் தில்லியிலிருந்து நடந்தே புறப்பட்டார். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய அணுவாயுத நாடுகளின் தலைநகரங்கள் அவர்கள் இலக்கு; இடையில் கடல் குறுக்கிட்டபோது மட்டும் கலம் ஏறினர். புறப்படுமுன் வினோபா சொன்ன அறிவுரை, கையில் காசு எடுத்துச் செல்லாதீர்கள் என்பது. காசிருந்தால் களைத்த மாலையில் விடுதியில் உண்டு உறங்கி, எவரையும் காணாமல் மறுநாள் போய்விடத் தோன்றும். காசில்லாதவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. காசோலை எழுதுபவர் கொடுப்பவராக மட்டுமே இருக்கிறார். அவர் கை என்றும் மேலேயே இருக்கிறது. நடப்பவரின் கை ஒருநாளேனும் கீழே வருகிறது. மல்லூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டில் கிணற்றடியில் நிற்கும் உழவரிடம் முகம் கழுவத் தண்ணீர் கேட்க நேர்கிறது. கால் இடறியபோது நண்பரின் தோளைப் பற்ற நேர்கிறது. பின்தங்கியபோது, பிறர் நின்று காத்திருப்பார்களா என்று ஏங்க நேர்கிறது. எந்த முகாமிற்காகப் பொருள் திரட்டுகிறாரோ, அந்த முகாமின் வாயிலில் பேரனின் கையைப் பற்றி வரிசையில் நிற்கும் முதியவரின் நிலை என்னவென்பது அப்போது அவருக்கு ஒருசிறிதேனும் விளங்கும். அதன்பின் அவர் எழுதும் காசோலையின் தொகை கூடலாம், கூடாமலும் போகலாம். ஆனால் அந்த முதியவரிடம் அவர் பேசும் குரல் மாறியிருக்கும்.

காசோலை வேண்டாம் என்பதன்று கருத்து. எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். பனியனும் பதாகையும் குறையட்டும். அச்செலவு முகாமிற்கே போகட்டும். ஆனால் எழுதிய கையோடு, நாளை வைகறையில் காலணி அணிந்து நண்பர்களின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பயண நாளன்று முதலில் வந்தவருக்கு மாலை போடுவதை விட்டுவிட்டு, கடைசியில் வருபவரும் வந்து சேரும்வரை அனைவரும் வாயிலில் காத்திருங்கள். அவர் வந்தபின்னரே உணவுப் பந்தி தொடங்கட்டும். அவருக்காகக் கதிர் மறையுமுன் வந்து சேரும் தொலைவையே முன்கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள்.

அனைவரும் நலமே நடந்து நலமே திரும்புக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க. அருகன் அறம் தழைக்க.