வாழ்க்கைக்குத் தேவை பொறுமையே!

நடுவர் அவர்களே! வேகமாக வந்து வேகமாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! முத்தாபுதுப்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா கேட்டார்கள்: "அந்தக் காலத்துல போட்டோ எடுத்தா கழுவி வர ஒரு வாரம். இப்ப செல்போன்ல தட்டினா ஒரு நொடி. வேகம்தானே வளர்ச்சி?" சரிங்கம்மா. ஒரு நிமிஷத்துல நாற்பது படம் எடுக்கிறோம். அதுல எது நல்லா இருக்குன்னு பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கோமே, அது எந்தக் கணக்கு? (சிரிப்பு)

பகலில் எடுக்கிற படத்துக்கு வேகம் போதும் ஐயா. ராத்திரி வானத்தைப் படம் எடுக்க வேகம் உதவுமா?

நம் கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. இருட்டுக்குப் பழகிய பிறகும் தெரியாத நட்சத்திரம், விடிய விடியப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் புகைப்படத் தகடு உண்டியல் மாதிரி. துளித்துளியாக விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கண் "ஒண்ணுமில்ல" என்று சொன்ன இடத்தில், ஒரு மணி நேரம் கழித்துத் தகடு நட்சத்திரத்தைக் காட்டும்!

சென்னையில் பிறந்தவர் வைணு பாப்பு. 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவர். அங்கே அவர் எடுத்த வானப் படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயரும் சேர்ந்த பெயர்தான். அவரே பிறகு, வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே தொலைநோக்கி வந்தது.

"பொறுமைன்னா சும்மா இருக்கிறது" என்றார் எதிரணித் தம்பி. சும்மாவா? பூமி சுற்றுகிறது. அதனால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தகடு திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு நட்சத்திரத்தைக் குறியாக வைத்து, கருவி இம்மி விலகினாலும் திருத்த வேண்டும். வள்ளுவர் காலம் அறிதலில் கொக்கைக் காட்டினாரே, அது தூங்குகிற கொக்கா? (கைதட்டல்)

அப்புறம் இருட்டறை. ஸ்டூடியோவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு விளக்கு மட்டும் எரியும். டெவலப்பரில் போட்ட தாளில் உருவம் மெல்ல மெல்ல வரும். அவசரப்பட்டு எடுத்தால் வெளிறிப் போகும். "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு ஹைப்போவில் போடாமல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால், மாப்பிள்ளை முகமும் கறுக்கும், பொண்ணு முகமும் கறுக்கும்! (பலத்த சிரிப்பு)

"அதெல்லாம் பழைய கதை" என்பார்கள். இன்று தகடு போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது, உண்மை. அதுவும் மங்கலான ஒளியைப் பிடிக்க நெடுநேரம் காத்துத்தான் இருக்கிறது. ஏன், உங்கள் செல்போனில் ராத்திரிப் படம் எடுத்துப் பாருங்கள். "அசையாமல் பிடி" என்று அதுவே சொல்கிறது. எதிரணியின் சாட்சியே எங்கள் கட்சிக்கு வந்துவிட்டது ஐயா! (கைதட்டல்)

நிறைவாக ஒன்று. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் இராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டிருந்த ஒரு மங்கலான ஒளி. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? இராமானுஜன்!

யார் அவர்? கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல், கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாத பிள்ளை. அன்று மார்க்கை மட்டும் பார்த்த கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தபோது, மேலதிகாரி நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்!

தாய்மார்களே, அரையாண்டுப் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டு, "இவன்கிட்ட ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிவிடாதீர்கள். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். சில பிள்ளைகள் பகல் வெளிச்சம், உடனே தெரியும். சில பிள்ளைகள் தூரத்து நட்சத்திரம். இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். கூடவே இருங்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, வாழ்க்கைக்குத் தேவை பொறுமையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அதையும் அவசரப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டு அமைகிறேன். (கைதட்டல்)