பச்சை உடம்பும் பச்சை மனசும்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நூல் விலையைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் ஒரு வீட்டு விஷயம் பேசுகிறேன். பிள்ளை பெற்றவளின் மனதைப் பற்றிய விஷயம்.

என் முதல் பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுதேன். குழந்தை நன்றாக இருந்தது. பத்தியச் சோறு போட அம்மா இருந்தார். ஆனாலும் அழுகை, ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. நான் நல்ல தாயில்லை என்ற எண்ணமே ஓடும். "தங்கமாட்டம் குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன கண்ணு அழுகை?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். அதன் பிறகு குளியலறையில் அழக் கற்றுக்கொண்டேன்.

கடைசியில், தடுப்பூசி போட்ட நர்ஸம்மாதான், "குழந்தை சரி, நீங்க எப்படி இருக்கீங்க அம்மிணி?" என்றார். அந்த ஒரு கேள்விதான் என்னை டாக்டரிடம் கொண்டுபோனது. சில மாத சிகிச்சையில் தேறினேன்.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். பிரசவமான சில நாளில் வரும் அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமப்புறக் கர்ப்பிணிகள் 359 பேரைக் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதோடு சேர்ந்து வந்தன. இது திமிரும் அல்ல, காத்து கருப்பும் அல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி நம் ஊரை நினைத்துப் பாருங்கள். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த பெண், லைன் வீட்டில் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். கணவர் ஒன்றரை ஷிப்ட் போயிருக்கிறார். தாய்வீடு எங்கோ. பீஸ் ரேட்டில் தைத்தவளுக்கு வேலையில்லாத வாரம் சம்பளமில்லை. அவளை யார் கேட்பார்கள்?

கம்பெனி நடத்தும் நண்பர்களே, 2017 சட்டத் திருத்தத்தில் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். கணக்குக்காக ஓர் அறையைக் காட்டாமல், தொட்டில் ஆடுகிற அறையாக வையுங்கள்.

வீட்டாருக்குச் சொல்வது: அவளைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்கவிடுங்கள். பால் கொடுப்பதுதான் அவளால் ஆகவேண்டியது; ஏப்பம் விடவைக்க, துணி மாற்ற, தாலாட்ட அப்பாவாலும் முடியும். தம்பிகளே, இது உங்களுக்கும்தான். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும், பரிசோதித்துவிடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. டாக்டரைக் கேளுங்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரோ பேசுவது காதில் விழுகிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ முடித்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, மந்திரிக்க அலையாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தனியாக விடாதீர்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்லி, காற்று படாமல் காதில் துணி கட்டுகிறோம். மனசும் அப்போது பச்சைதானுங்களே? அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது, குழந்தை யார் ஜாடை என்று கேட்பதற்கு முன், "நீ எப்படி இருக்கே கண்ணு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்காருங்கள்.

அன்று என் மடியில் அழுத குழந்தை இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.