கொப்பி மூடிய பதினைந்து நிமிடம்

வன்னிப் பாடசாலைகளில் ஆறாம் தரத்துப் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். கொப்பியைத் திறந்தால் எழுத்துகள் முத்துமுத்தாக இருக்கும். அதே பிள்ளை வவுனியாவில் அநுராதபுர பஸ் ஏறி, நடத்துநர் ‘கொஹெத யன்னே?’ (எங்கே போகிறாய்?) என்று கேட்டால் வாய் திறவாது. குறை பிள்ளையில் இல்லை. பாடத்தை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

‘மம கெதர யனவா.’ நான் வீட்டுக்குப் போகிறேன். பாருங்கள், சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில். போகிறேன், போகிறாய், போகிறார் என்று நாங்கள் மாற்றுவதையெல்லாம் பேச்சுச் சிங்களம் ஒரே ‘யனவா’வில் முடித்துவிடும். மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. எழுத்துச் சிங்களத்தில்தான் ‘மம யமி’ என்று வினை மாறும். பேச்சு வேறு, எழுத்து வேறு என்பது தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாத சங்கதியா?

ஆகவே பாடவேளையில் முதல் பதினைந்து நிமிடமும் கொப்பி மூடியிருக்கட்டும். நாலு கதிரையை வரிசையாகப் போட்டால் பஸ். ஒரு பிள்ளை நடத்துநர். ஒரு கேள்வி, ஒரு பதில். வகுப்பு முழுக்கச் சுற்றி வரட்டும். பிறகு கரும்பலகை. அன்று பேசிய சொற்களுக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும் போதும்.

சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கும் பழக்கம் வேண்டாம். வீதியும் ‘பார’, பொறுப்பும் ‘பார’ என்றாகிவிடும். முன்னதில் ‘படம்’ என்ற சொல்லின் பகரம், பின்னதில் ‘கம்பு’ என்ற சொல்லின் பகரம். காதுதான் பிரித்துத் தரும்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பழைய காயமும் உண்டு. சிங்களம் 1956இல் தனிச் சிங்களச் சட்டமாக எங்களிடம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், 13ஆம் திருத்தத்தோடுதான். அந்தக் காயம் எங்கள் வீடுகளில் ஆறவில்லை. ஒரு தாய் ‘இது எதுக்கு?’ என்று கேட்டால் ஆசிரியர் கோபிக்கக் கூடாது. ஆனால் தெற்கே போய் வேலை செய்யப்போகும் பிள்ளை, தன் உரிமையைத் தானே கேட்டு வாங்கச் சிங்களப் பேச்சு வேண்டும்.

ஆசிரியர்களே, நாளைய பாடக்குறிப்பில் அந்தப் பதினைந்து நிமிடத்தை முதலில் எழுதுங்கள். பிள்ளைகள் பேசட்டும்.