பிராதும் மொட்டைக் கடிதமும்

(பெர்மாஸ் ஜெயா தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் விடியுமுன், நமக்கு அருகிலுள்ள உலு திராம் போலீஸ் நிலையத்தில் ஓர் இளைஞன் புகுந்து இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். மூன்றாமவர் காயமுற்றார். அவனும் சுடப்பட்டு மாண்டான். அக்குடும்பம் அக்கம்பக்கத்தாரோடு ஒட்டாமல் வாழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. உடனே, "முன்பே ஏன் யாரும் பிராது கொடுக்கவில்லை?" என்று பலரும் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் என்னவென்று பிராது கொடுப்பது? கதவைச் சாத்திக்கொண்டிருப்பது குற்றமா? அப்படியானால் இரவு வேலை முடிந்து பகலெல்லாம் உறங்குகிறவன், மனைவியை இழந்து எவரோடும் பேசாதவன், எல்லோர் பேரிலும் பிராது கொடுக்கலாமே!

நம் பெரியவர்கள் போலீசிடம் போகத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் விசாரணையின்றியே ஆட்களை அடைத்துவைத்தார்கள். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டதும், ஜெனரல் டெம்ப்ளர் ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். வீட்டுக்கு வீடு தாள் கொடுத்து, தெரிந்ததைப் பேர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். அரைவயிற்றுக்காரன் கையில் அப்படியொரு தாளைக் கொடுத்தால் உண்மை மட்டுமா வரும்? பழைய பகையும் சேர்ந்து வரும்.

இன்றும் மொட்டைக் கடிதம் ஒழியவில்லை. கிராணி மேசைக்கு வருபவற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோழிச் சண்டை, வேலிச் சண்டைதான்! 2012-ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டப்படி ஒருவரை 28 நாள் வரை காவலில் வைக்க முடியும். நாள்கூலிக்காரன் வீட்டில் 28 நாள் அடுப்பெரிய வேண்டாமா?

ஆகவே ஆளின் மதத்தையோ மௌனத்தையோ பார்க்காதீர்கள். சொல்லையும் செயலையும் பாருங்கள். பால்வெட்டும் கத்தி நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு எவன் எவர் வாசலில் எந்நேரத்தில் நின்றான், என்ன சொன்னான் என்பதே விஷயம். இன்னாரை வெட்டுவேன் என்று பேர் சொல்லி மிரட்டினால் 999-ஐ அழையுங்கள். அந்நேரத்தில் எங்கள் அனுமதியைக் கேட்டு ஓடிவர வேண்டாம். மனைவியை அடிப்பதைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கவும் கூடாது. அதற்கு 1994-லேயே சட்டம் வந்துவிட்டது.

புத்தி பேதலித்தவன் விஷயம் வேறு. அவன் நோயாளி. முதலில் அவன் வீட்டாரிடம் பேசுங்கள்; தம்போயில் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது. அவனாலோ அவனுக்கோ ஆபத்து என்று கண்டால், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி போலீசாரோ சமூகநல அதிகாரியோ அவனைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தவன்மேல் வழக்கு வருமோ என்ற அச்சமும் இனி வேண்டாம். அந்தக் குற்றப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது.

பிராது கொடுப்பவர்கள் தேதி, நேரம், கேட்ட வார்த்தை ஆகியவற்றை அப்படியே சொல்லுங்கள். கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவும் சொல்லுங்கள். மலாய் எழுத வராதவர்கள் கிராணிகளாகிய எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.