தானே நின்றானா? நிறுத்தப்பட்டானா?

(மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு வருமுன்னர் 9ஆந் தர வகுப்பறையின் வாயிலிலே சிறிது நேரம் நின்றோம். பின்வரிசை வாங்குகள் இரண்டு சுவரோரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆண்டின் தொடக்கத்திலே அவற்றில் பிள்ளைகள் இருந்தார்கள்; இன்று இல்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினோம். ஒன்பது பெயர்களுக்கு எதிரே ஒரே சொல் எழுதப்பட்டிருக்கின்றது: 'விலகினார்.'

இந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். விலகினார் என்றால் யார் விலகினார்? பிள்ளை தன் விருப்பத்தினாலே எழுந்து போய்விட்டதா? அல்லது போகுமாறு நாம் எல்லோருமாகச் சேர்ந்து வழி விட்டோமா?

இவ்வினாவை எழுப்பினால் ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் பல வந்து விழும். பிள்ளைக்குப் படிப்பிலே நாட்டமில்லை என்பர். பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது என்பர். கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்பர். இவற்றிலே சிறிதும் உண்மையில்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள்! எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை.

மலைநாட்டுப் பாடசாலைகளிலே வெண்கட்டியும் கையுமாக நீண்ட காலம் நின்றவர்கள் நாம். எமது வகுப்பிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். அதில் எமக்குப் பெருமை ஏதுமில்லை. 8ஆந் தரத்திலே ஒரு பையன். முதலாந் தவணையில் நான்கு நாட்கள் வரவில்லை. இரண்டாந் தவணையில், ஆனி ஆடி மழையிலே, பதினேழு நாட்கள் வரவில்லை. அவனிடம் சீருடை ஒன்றுதான்; அது அடுப்பின்மேல் தொங்கியும் காயாத நாட்கள் அவை. வராத நாட்களின் பாடம் புரியாமற் போயிற்று. புரியாத பாடம் நடக்கும் நாட்களிலும் பிறகு அவன் வராமல் நின்றான். மூன்றாந் தவணையிலே தீபாவளி வந்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் புதுச் சட்டையும் புதுத் தொலைபேசியுமாக லயத்துக்கு வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போன பஸ்ஸிலே அவனும் ஏறிவிட்டான். ஆறாம் நாள் நாம் அவனுடைய லயத்துக்குச் சென்றோம். அவனுடைய தாயார் எம்மைத் திட்டவில்லை. இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்: "அத்தனை நாளு அவன் வராம இருந்தப்ப ஒருத்தரும் வந்து கேக்கலைங்களே, சேர். இப்பப் போனப்புறம் வந்து கேக்கிறீங்க."

அந்தத் தேநீர் இன்றைக்கும் எமக்கு இறங்கவில்லை.

அன்பர்களே, இந்தக் கேளாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத் துரைமார்மீது ஒரு கடமையைச் சுமத்திற்று. தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியிலே கல்வி அளிக்க வேண்டும் என்பது அக்கடமை. எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? ஆறு முதல் பத்து வயது வரை! பத்து வயதுக்குமேல் கொழுந்து பறிக்கும் கைக்கு எழுத்து எதற்கு என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்துக் கொட்டகைப் பள்ளி கொட்டகையாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் எம்மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் எமது பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்க எம்மால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரேனும் பாராளுமன்றத்தில் இல்லை. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களிலேதான், அவை சிறிது சிறிதாக அரசின் கைக்கு வந்தன. சட்டம் மாறியது, கட்டடங்கள் கட்டப்பட்டன, அந்நிய நாடுகளின் உதவியும் வந்தது. அவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைகளிலே பல இன்றும் 5ஆந் தரத்தோடு முடிகின்றன. 5ஆந் தரத்திலே பிள்ளைக்கு வயது என்ன? பத்து! துரைமார் போட்ட எல்லைக்கல் இன்னும் அதே இடத்திலே நிற்கின்றது.

ஆகவே முதலாவது பள்ளம் 6ஆந் தரத்தின் வாயிலிலே இருக்கின்றது. அடுத்த பாடசாலை மூன்று மைல், நான்கு மைல் தொலைவிலே. வழியெல்லாம் தேயிலை மலை, மழை, அட்டை. பஸ் வந்தால் உண்டு. பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் அரசாங்கம் தருகின்றது; தையற்கூலி இலவசமன்று, அப்பியாசக் கொப்பி இலவசமன்று, வெள்ளைச் சப்பாத்து எல்லோருக்கும் இலவசமன்று. குறித்த நிறை கொழுந்து பறியாவிட்டால் அரைப்பேர் போடுகிற தோட்டத்திலே மூன்று பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குவது எப்படி? நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று எத்தனை ஆண்டுகள் கூக்குரலிட்டோம்! அது 2021இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடி அதனை விழுங்கிவிட்டது. 2024இல் 1,350 ஆயிற்று. சம்பளப் போராட்டம் வேறு, கல்விப் போராட்டம் வேறு என்று பிரித்துப் பேசுகின்றவர்கள் ஒரு மாத வரவு செலவை ஒரு லயத்து அறையிலே இருந்து போட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது பள்ளம் வெளியே தெரியாதது, அதுவே ஆழமானது. 6ஆந் தரத்துக்கு வரும் பிள்ளைகளிலே சிலருக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. 2020ஆம் ஆண்டு பங்குனியிலே பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் தொலைபேசிக்குள் போன காலத்திலே இது இன்னும் மோசமாயிற்று. குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி. அதற்கும் அலை பிடிக்க மலை உச்சிக்கு ஏற வேண்டும். அந்தப் பிள்ளைகள் இழந்ததை மீட்டுக் கொடுக்காமலே அடுத்த தரத்துக்கு, அதற்கடுத்த தரத்துக்கு என்று ஏற்றிவிட்டோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு 8ஆந் தரத்து வரலாறும் விஞ்ஞானமும் எப்படி இருக்கும்? ஒவ்வொரு நாளும் ஆறேழு மணி நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க எந்த மனிதனால் முடியும்? பெரியவர்களாகிய நாம் அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டாம் நாள் போவோமா? பிள்ளைக்கு நாட்டமில்லை என்று எழுதுகின்றோமே, அதற்குப் பெயர் நாட்டமின்மையன்று, மானம்.

ஆசிரியப் பெருமக்களே, இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். நாமும் உங்களுள் ஒருவராக இருந்தவர்களாதலால் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்ளுகின்றோம். வலயக் கூட்டத்திலே அதிபரிடம் கேட்கப்படும் கேள்வி என்ன? சாதாரண தரத்திலே நூற்றுக்கு எத்தனை பேர் சித்தி? இதுதான் கேள்வி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் 6ஆந் தரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நாற்பது பேர் வந்து, பதினைந்து பேர் பரீட்சை எழுதி, பன்னிரண்டு பேர் சித்தியடைந்தால் நூற்றுக்கு எண்பது! கைதட்டுகின்றோம், சுவரொட்டி அடிக்கின்றோம். காணாமற்போன இருபத்தைந்து பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்தக் கணக்கு முறை இருக்கும்வரை, பலவீனமான பிள்ளை பாடசாலைக்கு ஒரு சுமைதான். "உனக்குக் கணக்கு வராது, ஏதாவது தொழில் பழகு" என்று அன்போடு சொல்லி விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். இப்படி எழுதிய கைகளில் எமது கையும் ஒன்று. 'விலகினார்' என்று எழுதிய இடங்களிலே 'விலக்கினோம்' என்று எழுதியிருக்க வேண்டிய இடங்களும் உண்டு.

கணக்கு வராது என்கின்றோம். கணக்கு ஆசிரியர் வந்தாரா? வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகின்றார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. எமது பிள்ளைகளையே ஆசிரியராக்குவோம் என்று ஆசிரியர் உதவியாளர்களை நியமித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவர்களுக்கு ஆரம்பத்திலே கொடுத்த மாதப்படி 6,000 ரூபா! தோட்டத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கிறவனுக்குத் தோட்டக்கூலியே போதும் என்ற பழைய எண்ணம் கொழும்பிலே இன்னும் சாகவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாய் மத்திய கிழக்குக்குப் போனால் வீட்டின் தாய் யார்? பதின்மூன்று வயது மூத்த மகள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைக் காம்பராவிலே விடமுடியாது. அக்காள் பாடசாலைக்குப் போகமாட்டாள். தண்ணீர் வராத மலசலகூடம் உள்ள பாடசாலைக்கு வயது வந்த பிள்ளை மாதத்திலே சில நாட்கள் போகமாட்டாள். இவை சிறிய விஷயங்கள் என்று மேடையிலே பேசுவோர் ஒதுக்குவர். சிறிய விஷயங்களல்ல. 2021ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, தலைநகரிலே வீட்டு வேலைக்குப் போன மலைநாட்டுச் சிறுமி ஒருத்தி பதினாறு வயதிலே தீக்காயங்களோடு மாண்டபோது நாடு முழுவதும் துடித்தது, ஊர்வலம் போனோம். அந்த வயதுப் பிள்ளை இருந்திருக்க வேண்டிய இடம் வகுப்பறை. அப்படி எத்தனை வகுப்பறைகளிலே எத்தனை இடங்கள் வெறுமையாயின என்று அந்த ஊர்வலத்திலே வந்த நாம் எண்ணிப் பார்த்தோமா?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்கு 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. பதினாறுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதும் 2021இல் தடைசெய்யப்பட்டது. 2017இல் 13 ஆண்டுக் கல்விக்கு உத்தரவாதம் என்றும் சொன்னார்கள். சட்டப் புத்தகத்திலே பிள்ளை பதினாறு வயது வரை பாடசாலையில் இருக்கின்றது, பதிவேட்டிலே இல்லை.

என்ன செய்யலாம்? அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்: பாடசாலை நேரத்துக்கு ஓடும் பஸ், கணித விஞ்ஞான ஆசிரியர், தண்ணீர் வரும் மலசலகூடம், 5ஆந் தரத்தோடு நிற்கும் பாடசாலைகளுக்கு மேல்வகுப்பு. வலயத்திலே சித்தி வீதத்தைக் கேட்கும்போதே, சேர்ந்தவர் எத்தனை, நிலைத்தவர் எத்தனை என்ற கணக்கையும் கேட்கச் செய்ய வேண்டும். பணம் ஒன்றும் செலவாகாத சீர்திருத்தம் அது. அதனாலேயே அதற்கு எதிர்ப்பு அதிகமாக இருக்கும் என்று நினைக்கின்றோம்.

ஆனால் அரசாங்கம் வரும்வரை காத்திராமல் இப்பாடசாலையிலேயே தொடங்கக் கூடியவை உண்டு. மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரு பிள்ளை வராவிட்டால், மூன்றாம் நாள் மாலையே யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆசிரியரே போக வேண்டுமென்பதில்லை. அந்த லயத்திலேயே இருக்கும் ஒருவர் போதும். விசாரணைக்காகப் போகக்கூடாது. சீருடை காயவில்லையா, தம்பிக்குக் காய்ச்சலா, யாராவது அடித்தார்களா என்று கேட்கப் போக வேண்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு 6ஆந் தரத்திலேயே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வாசிப்பு மட்டும் கற்பிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு பாடம் குறைந்தாலும் குறையட்டும். உயர் தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். மாலையில் அந்த வேலையை நீங்கள் செய்யலாம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் பெயர்களை 9ஆந் தரத்திலேயே எடுத்துவிட வேண்டும். பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும் ஆண்டிலே கச்சேரிக்கும் தோட்டத்து ஒப்பீசுக்கும் அலைந்து, அலுத்து, விட்டுவிட்ட பிள்ளைகளை நாம் அறிவோம்.

இறுதியாக அந்த ஒன்பது பெயர்கள். அதிபர் அவர்களின் அனுமதியோடு விபரத்தை எடுத்து வைத்திருக்கின்றோம். பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பிள்ளைகளை மேடையிலே வைத்து வெட்கப்படுத்த நாம் வரவில்லை. நான்கு பேர் மேற்கணக்கு லயங்களிலே இருக்கின்றார்கள், மூவர் கீழ்க்கணக்கிலே, இருவர் கொழும்பிலே. அந்த இருவருக்கும் வயது பதினான்கு. அவர்களை வைத்திருக்கும் கடைக்காரருக்கு அதிபரின் கடிதம் ஒன்று போக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்திலே சொல்லலாம். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு நாம் மேற்கணக்குக்குப் போகின்றோம்; வகுப்பாசிரியை அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். கீழ்க்கணக்குக்குப் போவதற்கு இருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் அந்த வாங்குகளைத் துடைத்து, இருந்த இடத்திலே மறுபடியும் போடுவதற்கும் இரண்டு பேர் வேண்டும். வரக்கூடியவர்கள் கையை உயர்த்துங்கள்.