பெயரும் சீருடையும்

கல்முனையிலிருந்து கிட்டங்கி தாண்டிச் சவளக்கடைக்கு வந்து, இன்னும் மேற்கே போனால் மத்திய முகாம். 1997 மே 17 இரவு அங்கே ஒரு தாய் பாலியல் வல்லுறவுக்குப் பின் கைக்குண்டால் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பொலிசார்.

அதே ஆண்டு கவிஞர் கலா அதைக் கவிதையாக்கினார். 'சரிநிகர்' பத்திரிகை வெளியிட்டது. அத்தாயின் பெயரைப் பன்மையாக்கியதே தலைப்பு. பெண்ணுறுப்பை வெளிப்படையாகச் சொன்னதற்காக ஆபாசம் என்று நம் இலக்கியவாதிகள் சிலர் கொதித்தார்கள். சம்பவத்துக்கு வராத கூச்சம் சொல்லுக்கு வந்துவிட்டது!

எனக்கு அதில் ஆபாசம் தெரியவில்லை. அந்தச் சொல் கொன்றவர்களை நோக்கி வீசப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் உறுத்துகிறது. கவிதைக்கு அது பன்மை. பிள்ளைகளுக்கு அம்மா ஒருத்திதான்.

செய்தியாளருக்குப் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் அப்படியொன்று நடக்கவேயில்லை என்று சாதித்துவிடுவார்கள். கதாசிரியருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் பெயரை மாற்றலாம், ஊரையும் மாற்றலாம். கொன்றவனின் சீருடையைக் கழற்றி, அவனை யாரோ ஒரு குடிகாரனாக்கினால் மட்டும் நான் சண்டைக்கு வருவேன்.

இந்தப் பேச்சில் அத்தாயின் பெயரை நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளிலும் வானொலி கேட்கிறார்கள்.